உறைவு எதிர்ப்பு மருந்து தொடங்குமுன்: செலியாக் நோயும் ரத்த உறைவும் குறித்து ஒரு திறந்த மடல்

ரத்த உறைவுக்கான சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் மருத்துவர்களுக்கும், குடல்நோய் மருத்துவர்களுக்கும், உறைவுப் பரிசோதனைகளைச் செய்யும் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு ரத்த அறிக்கையை எடுத்துக்கொள்வோம். வயது 28. வயிறு வீங்கி வந்தவருக்கு டாப்ளர் ஸ்கேனில் கல்லீரல் சிரைகளில் உறைகட்டி. ஹீமோகுளோபின் 8.2, பல மாதம் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. பிளேட்லெட் 5.6 லட்சம். ஆல்புமின் 2.6. இன்னும் எந்த மருந்தும் தொடங்கவில்லை, ஆனால் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.7-க்கு ஏறியிருக்கிறது. இது எந்தத் தனிநபரின் அறிக்கையும் அல்ல. கோதுமை போன்றவற்றின் குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் செலியாக் நோய், உறைகட்டியாக முதலில் தலைகாட்டும்போது அறிக்கை பெரும்பாலும் இந்தச் சாயலில் இருக்கும். நடப்பது என்னவென்றால், ரத்தசோகைக்கு இன்னொரு இரும்பு மாத்திரை எழுதப்படுகிறது, ஐ.என்.ஆர். உயர்வு கல்லீரல் கணக்கில் சேர்கிறது, பிளேட்லெட் அழற்சி என்று ஒதுக்கப்படுகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் எழும் கேள்வி ஒன்றுதான்: இவர் சாப்பிடுவதைக் குடல் உறிஞ்சுகிறதா?

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்படிப்பட்டவருக்கு உறைவு எதிர்ப்பு மருந்துகளான ஹெப்பாரின் ஊசி போடுமுன், வார்ஃபரின் மாத்திரை தொடங்குமுன், உணவை மாற்றுமுன், எடுக்க வேண்டிய ரத்தத்தை எடுத்துவிடுங்கள். எடுத்த ஒவ்வொரு முடிவின் மேலும் அது எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று எழுதுங்கள். முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம். ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும். ஊசி அடுத்த நிமிடமே போடலாம்.

அபாயத்தின் அளவைப் பற்றி மிகைப்படுத்த விரும்பவில்லை. 2007-இல் ஸ்வீடனில் செலியாக் நோயாளர்கள் 14,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சிரை உறைவு அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.9 மடங்கு இருந்தது. எல்லா ஆய்வுகளும் இதே அளவைக் காட்டவில்லை. உலகில் சுமார் 100 பேரில் ஒருவருக்குச் செலியாக் நோய் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் உறைகட்டி வரப்போவதில்லை. எனவே எல்லாச் செலியாக் நோயாளருக்கும் உறைவு எதிர்ப்பு மருந்து கொடுங்கள் என்றோ, காலில் உறைகட்டியோடு வரும் எல்லோருக்கும் செலியாக் பரிசோதனை செய்யுங்கள் என்றோ நாங்கள் கேட்கவில்லை. கேட்பது, குறி தெரியும் இடத்தில் தவறவிடாதீர்கள் என்பதைத்தான்.

குறிகள் இவை. கல்லீரல் சிரை, போர்ட்டல் சிரை, குடலின் மெசென்ட்ரிக் சிரை, மூளைச் சிரை போன்ற வழக்கமல்லாத இடத்தில் உறைகட்டி. இளம் வயதில், வெளிப்படைக் காரணம் எதுவும் இல்லாமல் வந்த உறைகட்டி. கூடவே மாத்திரைக்கு அசையாத இரும்புக் குறைவு, ஃபோலேட் குறைவு, காரணம் தெரியாத எடை இழப்பு, நாட்பட்ட பேதி, சிறு வயதிலேயே எலும்புத் தேய்வு, லேசாக ஏறிய கல்லீரல் நொதிகள், ரத்தப் பூச்சில் ஹோவெல்-ஜாலி துணுக்குகள் (மண்ணீரல் செயலிழந்தால் சிவப்பணுக்களில் எஞ்சும் கருத்துணுக்குகள்). எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து தொடாத நிலையில் நீண்டிருக்கும் புரோத்ராம்பின் நேரம் (ஐ.என்.ஆர். கணக்கிட உதவும் உறைவு நேரம்). பேதி இல்லை என்பதற்காகச் செலியாக்கை ஒதுக்கிவிடாதீர்கள். பெரியவர்களில் ரத்தசோகை மட்டுமே அடையாளமாக வருவது சாதாரணம்.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் குளூட்டன் புரதத்துக்கு எதிராக உடலின் தற்காப்பு கிளர்ந்து, சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் தட்டையாகின்றன. சேதம் அதிகம் விழுவது குடலின் தொடக்கப் பகுதியில். இரும்பும் ஃபோலேட்டும் உறிஞ்சப்படும் இடமும் அதுவே. ஃபோலேட், பி12, பி6 குறையும்போது ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் தேங்குகிறது. அது ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது. நீடித்த அழற்சியால், ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன், எட்டாம் காரணி ஆகியவை ஏறுகின்றன. சிலரிடம் உறைவைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களும் காணப்படுகின்றன. செலியாக் நோயுள்ள பெரியவர்களில் கணிசமானோருக்கு மண்ணீரல் சுருங்கிச் செயலிழக்கிறது. மண்ணீரல் வேலை செய்யாதபோது பிளேட்லெட் எண்ணிக்கை ஏறும்; இரும்புக் குறைவும் அதே திசையில் தள்ளும். கடும் பேதியில் நீர் வற்றிப் படுக்கையில் கிடப்பவருக்கு, ஸ்டீராய்டும் மத்தியச் சிரைக் குழாயும் சேர்ந்தால், அபாயம் பல பக்கத்திலிருந்தும் கூடுகிறது.

இதில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது வைட்டமின் கே. கொழுப்போடு உறிஞ்சப்படும் வைட்டமின் இது. குடல் பழுதானால் குறையும். 2, 7, 9, 10 ஆகிய உறைவுக் காரணிகளுக்கு இது தேவை என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. உறைவைத் தடுக்கும் புரோட்டீன் சி-க்கும் புரோட்டீன் எஸ்-க்கும் இதே வைட்டமின்தான் தேவை என்பது வார்டில் மறந்துபோகிறது. ஆயுள் குறைந்தவை முதலில் சரியும்: ஏழாம் காரணியின் அரை ஆயுள் சில மணி நேரம், புரோட்டீன் சி-யினுடையது சுமார் 6 முதல் 8 மணி நேரம், இரண்டாம் காரணியினுடையது 60 மணி நேரத்துக்கு மேல். ஏழு சரிந்ததும் ஐ.என்.ஆர். ஏறிவிடுகிறது, ஆனால் இரண்டு இன்னும் தெம்பாக இருக்கிறது, தடுப்புப் புரதமோ குறைந்துவிட்டது. ஆகவே, ஐ.என்.ஆர். 1.7 என்பதைப் பார்த்து "ரத்தம் ஏற்கெனவே நீர்த்துத்தான் இருக்கிறது" என்று எண்ணித் தடுப்பு ஹெப்பாரினை விட்டுவிடுவது தவறு. அந்த எண் உறைகட்டிக்கு எதிரான காப்பு ஆகாது.

இதே இடத்தில் இன்னொரு பிழை பிறக்கிறது, அது நோயாளியை ஆயுள் முழுக்கத் தொடர்கிறது. உறைகட்டி வந்த வாரத்திலேயே திராம்போஃபிலியா தொகுப்பு (உறைவுப் போக்கைத் தேடும் சோதனைகள்) அனுப்பப்படுகிறது. புரோட்டீன் சி 45 விழுக்காடு, புரோட்டீன் எஸ் 40 விழுக்காடு என்று வருகிறது. "பரம்பரைக் குறைபாடு" என்று சுருக்க அறிக்கையில் ஏறிவிடுகிறது. பிறகு உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். உண்மையில் அது வைட்டமின் கே குறைவாக இருக்கலாம். புதிதாக உருவான உறைகட்டியே அந்தப் புரதங்களைச் செலவழித்திருக்கலாம். பட்-கியாரி (கல்லீரல் சிரை உறைவு) என்றால் கல்லீரலே அவற்றைச் செய்யாமல் இருந்திருக்கலாம். பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. ஐந்தாம் காரணியையும் ஏழாம் காரணியையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாம் காரணிக்கு வைட்டமின் கே தேவையில்லை. ஏழு குறைந்து ஐந்து சரியாக இருந்தால் வைட்டமின் கே குறைவு. இரண்டும் குறைந்திருந்தால் கல்லீரல். ஏழு சரியாக இருந்து, புரோட்டீன் சி மட்டும் தொடர்ந்து குறைவாக இருந்தால்தான் பரம்பரை பற்றிப் பேசத் தொடங்கலாம். அதுவும் மறுபரிசோதனைக்குப் பிறகே.

மறுபரிசோதனை எப்போது? உறைகட்டியின் கடுமைக் காலம் தாண்டி, வைட்டமின் கே நிரம்பி, வார்ஃபரின் நிறுத்திக் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 4 முதல் 6 வாரம் கழித்து. கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையிலும் புரோட்டீன் எஸ் இறங்கும். அப்போது எடுத்த முடிவும் செல்லாது. ஹெப்பாரினில் இருக்கும்போது ஆன்டித்ராம்பின் குறைத்துக் காட்டும். ரிவாரோக்சபான், அபிக்சபான் போன்ற நேரடி வாய்வழி உறைவு எதிர்ப்பு மருந்துகள், ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனைகளில் ஒன்றான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனையைப் பொய்யாக நேர்மறையாக்கும். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் நேர்மறையானால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்த பிறகே நோய் என்று பெயரிட வேண்டும். மரபணுச் சோதனைகளான ஃபேக்டர் ஐந்து லைடன், புரோத்ராம்பின் மாற்றம், ஜாக்2 ஆகியவற்றுக்கு இந்த நேரக் கணக்கு எதுவும் இல்லை. எந்த நாளிலும் எடுக்கலாம்.

ஜாக்2 பற்றி ஒரு வார்த்தை. வயிற்றுச் சிரைகளில் உறைகட்டியோடு வந்தவருக்குச் செலியாக் உறுதியானதும் "காரணம் கிடைத்துவிட்டது" என்று தேடலை நிறுத்திவிடக் கூடாது. ஜாக்2 மாற்றம் காட்டிக்கொடுக்கும் எலும்பு மஜ்ஜை நோய்கள் அங்கே உறைகட்டிக்கு மிக முக்கியமான காரணம். செலியாக்கின் இரும்புக் குறைவு, அவற்றில் ஒன்றான பாலிசைத்தீமியாவின் உயர்ந்த ஹீமோகுளோபினை மறைத்துவிடும். பிளேட்லெட் ஏற்றத்தை இரும்புக் குறைவின் தலையில் கட்டிவிட்டு ஜாக்2 பார்க்காமல் விட்டால், இரும்பு ஏற்றிய பிறகு ஹீமோகுளோபின் 18-ஐத் தொடும்போதுதான் விழிப்போம்.

முதல் நாள் எடுக்க வேண்டியவற்றுக்கு வருகிறோம். சீரம் குழாயில், செலியாக்கைக் காட்டும் டி.டி.ஜி. ஐஜிஏ எதிர்ப்பொருளும் மொத்த ஐஜிஏ அளவும். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்: செலியாக் நோயாளரில் 2 முதல் 3 விழுக்காட்டினருக்கு ஐஜிஏ பிறவியிலேயே இல்லை, அவர்களுக்கு முதல் சோதனை எதிர்மறையாகவே வரும். அப்போது ஐஜிஜி வகைச் சோதனைக்குப் போக வேண்டும். உறைவு எதிர்ப்பு மருந்துகள் இந்த எதிர்ப்பொருள் சோதனைகளைப் பாதிக்காது. ஆனால் குளூட்டனை நிறுத்திய உணவு பாதிக்கும். அதே ஊசியில் ஃபெரிட்டின், ஃபோலேட், பி12, ஆல்புமின். சிட்ரேட் குழாயில் புரோத்ராம்பின் நேரம், ஏ.பி.டி.டி. (இன்னொரு உறைவு நேரம்), ஐந்தாம், ஏழாம் காரணிகள். ஊதா மூடிக் குழாயில் ரத்தப் பூச்சும் ஹோமோசிஸ்டீனும்.

ஹோமோசிஸ்டீன் குழாய்தான் அதிகம் பாழாவது. குழாயில் இருக்கும் சிவப்பணுக்கள் தொடர்ந்து ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு ஏறும். காலையில் எடுத்த குழாய் மதியம்வரை தட்டில் கிடந்தால், 12 மைக்ரோமோலாக இருந்தது 17 ஆகி நிற்கும், இல்லாத நோய் ஒன்று எழுதப்படும். எடுத்ததும் நொறுக்கிய பனிக்கட்டியில் செருகி, ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இங்கே கவனம்: அதே பனிக்கட்டிக் கிண்ணத்தில் சிட்ரேட் குழாயையும் செருகிவிடாதீர்கள். குளிரில் ஏழாம் காரணி கிளர்ந்து புரோத்ராம்பின் நேரத்தைக் குறைத்துக் காட்டும். சிட்ரேட் குழாய் அறை வெப்பத்திலேயே போக வேண்டும், கோடுவரை நிரம்பியும் இருக்க வேண்டும். ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு. பாதி நிரம்பிய குழாய் நேரத்தை நீட்டிக் காட்டும். ரத்தம் எடுக்கும் ஊழியருக்கு இதை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்தாலே போதும்.

டி.டி.ஜி. நேர்மறையானால் அடுத்த சிக்கல், நோயை உறுதிசெய்யக் குடல் திசு எடுக்கும் எண்டோஸ்கோப்பி. "உறைவு எதிர்ப்பு மருந்தில் இருக்கிறார், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், அதுவரை குளூட்டன் இல்லாமல் சாப்பிடட்டும்" என்ற யோசனையில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, மூன்று மாதத்தில் எதிர்ப்பொருளும் இறங்கி, குடலும் ஓரளவு ஆறி, திசு அறிக்கை குழப்பமாக வரும். பிறகு உறுதிசெய்ய, ஆறிய குடலுக்கு வாரக்கணக்கில் மறுபடி குளூட்டன் கொடுக்க வேண்டிவரும். இரண்டு, சளிச்சவ்வுத் திசு எடுப்பது ரத்தக்கசிவு அபாயம் குறைந்த செயல்முறை. வார்ஃபரினில் இருப்பவருக்கு ஐ.என்.ஆர். சிகிச்சை எல்லைக்குள் இருந்தால் நிறுத்தாமலே எடுக்கலாம். நேரடி வாய்வழி மருந்துகளில் இருப்பவர் அன்று காலை வேளையை மட்டும் விட்டால் போதும் என்பதே ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி வழிகாட்டுதல். ஐ.என்.ஆர். எல்லை தாண்டியிருந்தால் மட்டும் காத்திருங்கள். சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் குறைந்தது நான்கு துண்டு, அதன் தொடக்கக் குமிழில் ஒன்றிரண்டு. ஒவ்வொரு முறை கருவியை நுழைக்கும்போதும் ஒரு துண்டு மட்டும். சேதம் திட்டுத்திட்டாக இருக்கும் நோய் இது. இரண்டு துண்டோடு திரும்பினால் நோயையே தவறவிடலாம்.

இனி மருந்து. கடுமையாக மெலிந்து, உறிஞ்சுதல் கெட்டவருக்கு முதலில் எனாக்சபாரின் என்ற ஹெப்பாரின் வகை ஊசியே நம்பகமானது. குடலை அது தொடுவதில்லை. கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே என்றால் அதே அளவு நாளுக்கு ஒருமுறை. எடையைக் கேட்டு எழுதாதீர்கள், நிறுத்துப் பாருங்கள். நோயாளி சொல்வது நோய்க்கு முந்தைய எடையாக இருக்கும். 52 என்பார், தராசு 41 காட்டும். குளூட்டன் நிறுத்திய பிறகு எடை ஏறும், அப்போது ஊசி அளவையும் ஏற்ற வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் தராசு காட்டும் எண்ணில் அந்த நீரும் இருக்கிறது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

வார்ஃபரின் இந்த நோயில் இரு முறை ஏமாற்றும். தொடக்கத்தில் வைட்டமின் கே கையிருப்பு இல்லை, ஆல்புமினும் குறைவு. வழக்கமான 5 மி.கி.-யிலேயே ஐ.என்.ஆர். எகிறிவிடும். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, நெருக்கமாகப் பாருங்கள். சில மாதம் கழித்து எதிர்த் திசையில் நடக்கிறது: குடல் ஆறுகிறது, வைட்டமின் கே உள்ளே போகிறது, அதே மாத்திரையில் ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே சரிகிறது. நோயாளி மாத்திரையைத் தவறவிட்டார் என்று அவரைக் கடிந்துகொள்வதைப் பல இடங்களில் பார்க்க முடிகிறது. அவர் செய்தது உணவு முறையைச் சரியாகக் கடைப்பிடித்ததுதான். குளூட்டன் நிறுத்திய முதல் ஆறு மாதத்தில், முன்பு நிலையாக இருந்தவராக இருந்தாலும், ஐ.என்.ஆர். பரிசோதனை இடைவெளியை நீட்டாதீர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கும் இதே காலத்தில் உறிஞ்சுதல் மாறும்; அந்த அளவு மாறினால் வார்ஃபரின் தேவையும் சேர்ந்தே மாறும். வைட்டமின் கே குறைவைச் சரிசெய்யும்போதும் ஒரு யோசனை வேண்டும். 10 மி.கி. கொடுத்துவிட்டால் ஒரு வாரம்வரைகூட வார்ஃபரின் பிடிக்காது. அந்த இடைவெளியில் ஹெப்பாரினை நிறுத்திவிடக் கூடாது.

நேரடி வாய்வழி மருந்துகள் வசதியானவை. ஆனால் அவை வயிற்றிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் உறிஞ்சப்படுகின்றன, செலியாக் தாக்குவதும் அந்த வட்டாரத்தைத்தான். வழக்கமாக அவற்றின் ரத்த அளவைப் பார்ப்பதும் இல்லை. கடும் பேதியும் மெலிவும் உள்ள முதல் மாதங்களில் கண்ணுக்குத் தெரியும் ஐ.என்.ஆர். எங்களுக்கு அதிக நிம்மதி தருகிறது. நிலை சீரான பிறகு மாற்றிக்கொள்ளலாம். ரிவாரோக்சபான் 15, 20 மி.கி. மாத்திரைகளை உணவோடுதான் விழுங்க வேண்டும் என்பதையும், ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை மூன்றும் நேர்மறையானவருக்கு இவ்வகை மருந்துகள் ஏற்றவை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். விழுங்கும் மாத்திரைகளில் நிரப்புப்பொருள் கோதுமை ஸ்டார்ச்சா என்று மருந்தாளுநர் ஒருமுறை சரிபார்த்துவிடட்டும்.

எத்தனை காலம் கொடுப்பது? குறைந்தது மூன்று மாதம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கட்டுப்படாத செலியாக்கை, சரியாகிவிடக்கூடிய தற்காலிகத் தூண்டுகாரணமாக எடுத்துக்கொள்ளலாமா என்பதில் தெளிவான சோதனைச் சான்று இல்லை. எங்கள் கணிப்பு இது: உணவை மாற்றிவிட்டார் என்பதற்காக மட்டும் நிறுத்தாதீர்கள். டி.டி.ஜி. இயல்புக்கு வர ஓராண்டுகூட ஆகலாம். பெரியவர்களில் குடல் முழுக்க ஆற இரண்டாண்டைத் தாண்டுவதும் உண்டு. மூன்றாம் மாதத்தில் குடல் இன்னும் முழுக்க ஆறாமலே இருக்கும். டி.டி.ஜி. இறங்கியதா, ஹோமோசிஸ்டீன் 15-க்குள் வந்ததா, ஆல்புமின் ஏறியதா என்று பார்த்து முடிவெடுங்கள். பட்-கியாரி என்றால் காலம் பற்றிய பேச்சே வேறு. பெரும்பாலும் தொடர்ந்தே கொடுக்க வேண்டும்.

வைட்டமின்கள் உறைவு எதிர்ப்பு மருந்துக்கு மாற்று ஆகாது. ஃபோலிக் அமிலம் 5 மி.கி., பி12 0.4 மி.கி., பி6 50 மி.கி. கொடுத்து உறைகட்டி மீண்டும் வருவதைத் தடுக்க முடியுமா என்று சோதித்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, உறைகட்டி குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனாலும் குறைவு இருந்தால் நிரப்பத்தான் வேண்டும். பி12 குறைவா என்று பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை தேறுவதுபோலத் தெரிந்து நரம்பு கெடும். குளூட்டன் இல்லாத மாவுகள் பலவற்றில் ஃபோலேட் செறிவூட்டல் இல்லை. அதனால் பல ஆண்டு ஒழுங்காக உணவு காத்தவரிடமும் ஹோமோசிஸ்டீன் ஏறியிருப்பதைக் காணலாம். அவர் உணவில் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டுமுன் ஃபோலேட்டைப் பாருங்கள்.

செலியாக் ஏற்கெனவே தெரிந்தவரிடம் நடக்கும் தவறு வேறு மாதிரி. வயிற்று வலி என்று வந்தால் "எங்கோ குளூட்டன் கலந்திருக்கும்" என்று திருப்பி அனுப்பப்படுகிறார். தொட்டுப் பார்த்தால் வயிறு மென்மையாக இருக்க, வலி மட்டும் தாங்க முடியாமல் நாள்கணக்கில் கூடிக்கொண்டே போனால், அது மெசென்ட்ரிக் சிரை உறைவாக இருக்கலாம். சாதாரண ஸ்கேனில் அது தப்பிவிடும். போர்ட்டல் சிரைக் கட்டத்தில் எடுத்த கான்ட்ராஸ்ட் சி.டி. வேண்டும். புதிதாக வயிற்றில் நீர் கோத்தால் அன்றே டாப்ளர். பல நாளாகக் கூடும் தலைவலியோடு பார்வை மங்கினால் மூளைச் சிரைகளுக்கான படம். டி-டைமர் (உறைகட்டி கரையும்போது ரத்தத்தில் ஏறும் துணுக்கு) எதிர்மறையானால், கால், நுரையீரல் உறைகட்டி இல்லை என்று ஒதுக்க ஓரளவு உதவும். அழற்சியில் அது எப்படியும் ஏறியிருக்கும் என்பதால் நேர்மறைக்குப் பெரிய மதிப்பில்லை. உணவைச் சரியாகக் காத்து வந்தவருக்கு எடை இறங்கத் தொடங்கி உறைகட்டியும் வந்தால், குடலின் டி-செல் லிம்போமா என்ற புற்றுநோயைத் தேடுங்கள்.

ஹோவெல்-ஜாலி துணுக்குகள் தெரிந்தவருக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசியும் காய்ச்சல் எச்சரிக்கையும் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையை, உறைகட்டி வந்த பெண்களிடம் மாற்று முறையோடு சேர்த்தே பேசுங்கள்.

ஆய்வகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். புரோட்டீன் சி, எஸ் சோதனைக்கு வரும் படிவத்தில் அன்றைய ஐ.என்.ஆர்., மருந்தின் பெயர், உறைகட்டி வந்த நாள் ஆகிய மூன்று கட்டங்கள் காலியாக இருந்தால் மாதிரியை நிறுத்திவைத்து வார்டுக்குத் தொலைபேசியில் கேளுங்கள். ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் முடிவின் கீழேயே "வைட்டமின் கே நிலையை உறுதிசெய்த பின் மறுபரிசோதனை தேவை" என்று அச்சிடுங்கள்.

வீடு திரும்பும் சுருக்க அறிக்கையில் நான்கு வரிகள் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். குளூட்டன் நிறுத்திய தேதி. மருந்து தொடங்கிய நாளின் எடையும் மறுபடி நிறுக்க வேண்டிய தேதியும். மருந்துக்கு முன் எடுத்த புரோத்ராம்பின் நேரம். புரோட்டீன் சி, எஸ் மறுபரிசோதனைக்கான மாதம். அதுவரை "பரம்பரை" என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இடம்பெறக் கூடாது.

இப்படிக்கு,
குடல்நோய், ரத்தவியல், உணவியல், ஆய்வகப் பணிகளில் உள்ளோர்